ரோல்ஸ்-ராய்ஸ் பாண்டம்

ரோல்ஸ்-ராய்ஸ் பாண்டம் என்பது இங்கிலாந்தில் தயாரிக்கப்படும் உயர் சொகுசு மகிழுந்து ஆகும். சில்வர் கோஸ்ட் மகிழுந்துக்கு மாற்றாக 1925-இல் இப்பெயர் அறிமுகமானது.

அக்காலத்தில் நிறுவனம் அடிச்சட்டத்தையும் இயந்திரத்தையும் மட்டுமே செய்து தந்தது. வாங்குபவரின் விருப்பப்படி மேற்கூட்டைத் தனிப் பட்டறைகள் கட்டின. எனவே தொடக்ககாலப் பாண்டம்களுக்குப் பொதுவான உருவம் என்று ஒன்று கிடையாது. கிரேக்கக் கோயில் முகப்பை ஒத்த முன்தட்டியும், சார்லஸ் சைக்ஸ் 1911-இல் வடித்த பெண் உருவமுமே அவற்றின் அடையாளம். 1950-56 காலத்தில் உருவான நான்காம் பாண்டம் மொத்தம் 18 மட்டுமே. அவை அரச குடும்பத்தினருக்கும் நாட்டுத் தலைவர்களுக்கும் உரியவை.

1998-இல் இந்த மரபு விசித்திரமாகப் பிளவுபட்டது. குரூ நகரத் தொழிற்சாலையும் பென்ட்லியும் வோக்ஸ்வாகனுக்குச் சென்றன. ரோல்ஸ்-ராய்ஸ் என்ற பெயரை பி.எம்.டபிள்யூ 4 கோடி பவுண்டுக்குப் பெற்றது. பெயர் இருந்தது, தொழிற்சாலை இல்லை. குட்வுட்டில் புதிதாகக் கட்டிய ஆலையிலிருந்து 2003-இல் வந்த ஏழாம் பாண்டம், தன் பரம்பரையைத் தோற்றத்தால் மட்டுமே நிறுவ வேண்டியிருந்தது. வடிவமைப்பாளர்கள் அலங்காரத்தைவிடப் பழைய அளவு விகிதங்களையே நம்பினர்: மகிழுந்தின் உயரத்தில் ஏறத்தாழப் பாதியளவு சக்கரங்கள், நீண்ட முன்மூடி, பின்புறம் கீல் கொண்ட பின்கதவுகள். சக்கரம் சுழன்றாலும் அதன் நடுவிலுள்ள சின்னம் நிமிர்ந்தே நிற்கும். 6.75 லிட்டர், 12 உருளை இயந்திரம் இதை இயக்கியது.

2017-இல் வெளியான எட்டாம் பாண்டமின் முகப்புப் பலகையில், உரிமையாளர் செய்வித்த கலைப்படைப்பைக் கண்ணாடிக்குப் பின்னே பொருத்த இடம் உண்டு.