இரண்டு பவுண்டு, இரண்டு ஷில்லிங், ஏழு பென்ஸ்

ஏப்ரல் பிறந்தால் போதும், புனேயில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். ரயில் டிக்கெட் கிடைக்காத என் போன்றவர்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். காத்ரஜ், கம்பாட்கி காட், சதாரா, கராட், கொல்ஹாப்பூர், பெல்காம்... அப்படியே பெங்களூர், ஓசூர். கிளம்புவதற்கு முந்தின வாரம் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு பிரேக், கூலன்ட், ஃபேன் பெல்ட் எல்லாம் பார்க்கச் சொல்வது என் வழக்கம்.

"ஏங்க, நல்லா ஓடற வண்டிக்கு எதுக்கு வருஷா வருஷம் தண்டச் செலவு?" இது தங்கமணியின் நிரந்தரக் கேள்வி. இந்த முறை பதில் சொல்ல எனக்கு ஒரு சரித்திரமே கிடைத்தது. அதில் நம்ம கொல்ஹாப்பூர் ரோடும் வருகிறது!

1908-ம் வருஷம். பிராங்க் நார்பரி என்ற ஆங்கிலேயர் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் காரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 'பேர்ல் ஆஃப் தி ஈஸ்ட்', அதாவது கிழக்கின் முத்து என்று அதற்குப் பெயர். பம்பாய்க்கும் கொல்ஹாப்பூருக்கும் இடையே நடந்த மோட்டார் சோதனைப் போட்டியில் அது கலந்துகொண்டது. மொத்தம் 620 மைல், ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். வழியில் 6 மலைக் கணவாய்கள். கோளாறு என்று ஓர் இடத்திலும் நிற்காமல் ஓடி ஜெயித்தது. பிறகு குவாலியர் மகாராஜா அதை வாங்கிக்கொண்டார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். இந்தப் பக்கத்து மலைச்சாலைகள் மாட்டுவண்டிக் காலத்தவை. கண்டாலா பக்கத்துப் போர் காட் சாலை வண்டிகளுக்குத் திறக்கப்பட்டதே 1830-ல்தான். 1908-ல் பெட்ரோல் பங்க் கிடையாது, டின்னில் வாங்கி ஊற்றவேண்டும். ஏறும்போது ரேடியேட்டர் கொதிக்கும். இறங்கும்போது? அந்தக் காரில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். நான்கு சக்கர பிரேக் அந்த மாடலுக்கு வர இன்னும் பதினைந்து வருஷம் ஆனது.

நிற்க. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை 1907-க்குப் போகிறது. இதே மாடலில் வெள்ளி நிறம் பூசிய ஒரு கார், நம்பர் ஏஎக்ஸ் 201. பெயர் 'சில்வர் கோஸ்ட்'. 6 சிலிண்டர், 7 லிட்டர் இன்ஜின். கம்பெனியின் நிர்வாகி கிளாட் ஜான்சன் இதை லண்டனுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையே இரவு பகலாக, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு கொடுத்து, திரும்பத் திரும்ப ஓட வைத்தார். ஆரம்பத்தில் ஒருமுறை, குலுங்கின குலுக்கலில் பெட்ரோல் குழாயின் திருகு தானாக மூடிக்கொண்டு வண்டி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு 14,371 மைல், அதாவது 23,000 கிலோமீட்டருக்கு மேல், இயந்திரக் கோளாறால் நிற்கவே இல்லை. (டயர் மாற்றுவது கணக்கில் வராது.)

எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். ஓட்டம் முழுக்க ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் நடந்தது. முடிந்ததும் அதே கிளப்பிடம் காரைக் கொடுத்து, "பிரித்துப் பாருங்கள். தேய்ந்தது எல்லாவற்றையும் மாற்றிப் புதுசு போல ஆக்க என்ன செலவாகும் என்று சொல்லுங்கள்" என்றார்கள். கவனியுங்கள், 'ஓடினால் போதும்' என்ற அளவுகோல் இல்லை. 'புதுசு போல' என்பதுதான் அளவுகோல்.

இன்ஜினிலும் கியர்பாக்ஸிலும் அளக்கும்படி தேய்மானம் இல்லை. ஸ்டீயரிங் பக்கம் சில சின்ன முளைகள், மேக்னட்டோவின் ஓர் இணைப்பு, ஃபேன் பெல்ட், பெட்ரோல் வடிகட்டி... கூடவே வால்வு கிரைண்டிங், தண்ணீர் பம்புக்குப் பேக்கிங். மொத்த பில் 2 பவுண்டு, 2 ஷில்லிங், 7 பென்ஸ். அன்றைக்கு ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். பேங்க்காரன் புத்தி சும்மா இருக்குமா, கணக்குப் போட்டேன். சுமார் 32 ரூபாய்!

எங்கள் பிராஞ்சில் ஆடிட் வந்தால் எல்லார் முகமும் வாடிவிடும். தப்பே செய்யாதவனுக்கும் உள்ளூர ஓர் உதறல். ஆனால் யோசித்துப் பாருங்கள், வேறு ஒருத்தர் வந்து பிரித்துப் பார்த்து எழுதிய கணக்குக்குத்தானே மதிப்பு? "எங்கள் கார் நல்ல கார்" என்று விளம்பரம் யாரும் கொடுக்கலாம். தேய்ந்த முளைகளின் பட்டியலை ஊரறியக் காட்டத் தைரியம் வேண்டும்.

புனேக்காரர்களுக்கு இது பழங்கதையும் இல்லை. 2022 நவம்பர் 20 அன்று நவலே பாலத்தருகே, புதிய காத்ரஜ் சுரங்கத்திலிருந்து வரும் இறக்கத்தில், கட்டுப்பாடு இழந்த ஒரு லாரியால் 40-க்கும் மேற்பட்ட வாகனங்கள் நொறுங்கின. பிரேக் ஃபெயிலியர் என்றுதான் முதலில் பேச்சு. பிறகு விசாரித்ததில், டீசல் மிச்சம் பிடிக்க டிரைவர் இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டதாகப் போலீஸ் சொன்னது. கியரில் இருக்கும் இன்ஜின் தானே வண்டியின் வேகத்தைப் பிடித்துக் குறைக்கும். நியூட்ரலில் விட்டு அதை அணைத்தால் முழுப் பாரமும் பிரேக் தலையில்தான். மிச்சம் பிடித்தது எத்தனை ரூபாய் டீசல் இருக்கும்?

நாமும் அதே இறக்கத்தில்தான் பிள்ளைகளைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு போய் வருகிறோம். ஊருக்குக் கிளம்புமுன் வண்டியைக் காட்டிவிடுங்கள். இறக்கத்தில் நியூட்ரல் வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் மூச்சுவிடாமல் தங்கமணியிடம் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"சரி, காட்டுங்க. நம்ம மெக்கானிக் 32 ரூபாய்க்கு முடிச்சுத் தருவாரான்னு மட்டும் கேட்டுக்குங்க."