பாடிகாவல் முதல் போலீஸ் நண்பர்கள் வரை: தமிழகத்தில் ஊர்க்காவலும் பொறுப்பும்

ஊர்க்காவல் போலீஸ் துறையைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. மதுரைக்காஞ்சி காட்டும் பாண்டியர் தலைநகரில் நூலேணியைச் சுற்றிக்கொண்டு கள்வர் இருளில் பதுங்குகின்றனர். மழை கொட்டித் தெருவில் நீர் ஓடும் நடுநிசியிலும் ஊர்க்காப்பாளர் சோர்வின்றிச் சுற்றி வருகின்றனர். அவர்களின் இடத்தில் பின்னர் பாளையக்காரரும் தலையாரியும் போலீஸாரும், நம் காலத்தில் தன்னார்வ இளைஞர்களும் வந்தனர். ஆள் மாறிய கதை ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. காவல் தவறினால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் தந்த விடையை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் ஒரு வரியாக இடம்பெறுகிறது; ஊரைக் காப்பதற்காகக் குடிகள் செலுத்திய கட்டணம் அது. சோழர் ஆட்சி தளர்ந்த பிறகு, புதுக்கோட்டை வட்டாரக் கல்வெட்டுகளில் பாடிகாவல் உரிமையை ஊரார் அரையர்களுக்கு விற்றுக்கொடுத்த செய்திகளைக் காண்கிறோம். அரசு காக்காத ஊர், தன் காவலை விலைபேசி ஒருவரிடம் ஒப்படைத்தது. பாளையக்காரர் காலத்தில் இது இரண்டு அடுக்காக வளர்ந்தது. ஒரே ஊரைக் காப்பது ஸ்தலக்காவல். ஊர்களையும் வழிகளையும் சேர்த்துக் காப்பது திசைக்காவல். கூலி பெரும்பாலும் களத்துமேட்டில் நெல்லாகவே அளக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி ஈடு. மாடு களவு போனால் காவல்காரர் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். முடியாவிட்டால் இழப்பைத் தாமே ஈடுகட்ட வேண்டும். இதே முறைக்கு இருண்ட பக்கமும் உண்டு. துப்புக்கூலி கொடுத்தால் களவு போன மாடு மறுநாளே வீடு திரும்பும், கொடுக்காதவருக்குத் திரும்பாது. மிரட்டலுக்கும் காவலுக்கும் இடையிலான கோடு பல இடங்களில் அழிந்துபோனது. ஆனாலும் யார் பொறுப்பு என்பதில் ஊராருக்கு ஐயமே இருந்ததில்லை.

பாளையக்காரர் போர்கள் 1801-இல் முடிந்ததும் கம்பெனி அரசு அவர்களது காவல் உரிமைகளைப் பறித்தது. 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ஒழுங்குவிதி கிராமத் தலைவரையும் தலையாரியையும் கிராமப் போலீஸ் ஆக்கியது. 1859-இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. ஆனால் புதிய போலீஸ் எல்லா ஊரையும் எட்டவில்லை. எட்டாத இடங்களில் பழைய காவல் சட்டத்தின் ஆதரவின்றியே நீடித்தது.

அந்த இடைவெளியில்தான் 1896-இல் திண்டுக்கல் பகுதியில் ஓர் இயக்கம் கிளம்பியது. 1906-இல் வெளியான மதுரை மாவட்ட கெஜட்டியர் அதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அங்கே காவல்காரராக இருந்த கள்ளர் சாதியினரின் காவலை இனி ஏற்பதில்லை என்று பல ஊர் மக்கள் கூடிச் சத்தியம் செய்தார்கள். மாடு பறிகொடுத்தவருக்கு ஈடு தரப் பொது நிதி திரட்டினார்கள். 'பண்டு' என்று இயக்கத்துக்குப் பெயர் வந்தது அதனால்தான். ஊர்களில் கொம்பு வைத்தார்கள். களவு நடந்தால் கொம்பு ஊத வேண்டும். கேட்ட ஊர் தானும் ஊதிச் செய்தியை அடுத்த ஊருக்குக் கடத்த வேண்டும். சத்தம் கேட்டும் வெளியே வராதவருக்கு அபராதம். இன்றைய குடியிருப்போர் ரோந்துக்கு இவ்வளவு நெருக்கமான முன்னோடி தமிழக வரலாற்றில் வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை. எச்சரிக்கை ஒலி, முறைப்படியான பங்கேற்பு, இழப்பீட்டு நிதி மூன்றையும் படிப்பறிவு குறைந்த குடியானவர்கள் தாங்களே வகுத்திருக்கிறார்கள்.

அவர்கள் வகுக்காமல் விட்டது எல்லை. இயக்கம் திருடனைத் தேடுவதோடு நிற்கவில்லை. ஒரு சாதியையே ஊரைவிட்டு விரட்டும் வேலையாக மாறியது. கலவரங்கள் மூண்டன. கள்ளர் குடும்பங்கள் பல நிலபுலன்களை விட்டு வெளியேற நேர்ந்தது. கெஜட்டியர் ஆள்வோரின் குரலில் எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. விரட்டப்பட்டவர்களின் வாக்குமூலம் அதில் இல்லை. ஒரு சமூகம் முழுவதையும் சந்தேகிக்கும் அதே பார்வை, பின்னர் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் வழியாக அரசின் கையில் கருவியாயிற்று. அச்சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் உயிரிழந்தனர்.

விடுதலைக்குப் பின் நடந்தவற்றில் ஒன்றை மட்டும் குறிப்பிட்டால் போதும். சீனப் போரை அடுத்து 1963-இல் சென்னை மாநில ஊர்க்காவல் படைச் சட்டம் நிறைவேறியது. தன்னார்வலருக்குப் பயிற்சி, சீருடை, பணிக்கு அழைக்கும்போது அதிகாரம், தவறினால் நடவடிக்கை என எல்லாம் சட்டத்தின்கீழ் வந்தன.

1993-இல் ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கிய 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' வேறு வகை. 1991-இல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் படுகாயமடைந்து பிழைத்தவர் அவர். காவல் நிலையத்தைக் கண்டு ஒதுங்கும் மக்களை அதற்குள் நண்பராக வரவழைப்பதே அவர் எண்ணம். இரவு ரோந்து, திருவிழாக் கூட்டம், போக்குவரத்து, தகவல் சேகரிப்பு எனப் பணிகள் அமைந்தன. அடுத்த ஆண்டே திட்டம் மாநிலம் முழுவதும் விரிந்தது. மக்களை நம்பிய அந்த எண்ணத்தில் குறை காண எனக்கு மனமில்லை. அதன் பலவீனம் அடித்தளத்தில் இருந்தது: ஊர்க்காவல் படைக்கு இருந்ததுபோல் சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இதற்கு இல்லை. எந்த இளைஞர், எந்த இரவில், யார் உத்தரவில், எதுவரை செல்லலாம் என்பது அந்தந்த நிலையத்தின் பழக்கத்தைப் பொறுத்ததாயிற்று.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்ததாகக் கைதான தந்தையும் மகனும் காவல் சித்திரவதைக்குப் பின் இறந்தனர். ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் தன்னார்வலர் சிலரும் உடனிருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றவர்கள் காவல்துறையினரே. ஆனாலும் ஜூலையில் அரசு அமைப்பையே தடை செய்தது. மக்களின் கோபம் நியாயமானது. அதற்கு அரசு தந்த விடைதான் அரைகுறை. 27 ஆண்டுகள் சட்டமின்றி நடத்திய ஒன்றுக்குச் சட்டம் வகுக்காமல், அதைக் கைகழுவினார்கள்.

இன்று குடியிருப்போர் சங்கங்கள் மீண்டும் இரவு ரோந்துக்கு ஆள் சேர்க்கின்றன. அதற்கு முன்வருவோர் தம் அதிகாரத்தின் அளவை அறிந்திருக்க வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவுப்படி, பிடியாணையின்றிக் கைதுசெய்யத்தக்க, ஜாமீனில் விட முடியாத குற்றத்தைத் தம் கண்முன் செய்பவரையோ, தலைமறைவுக் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவரையோ மட்டுமே தனிநபர் பிடிக்கலாம். தேவையற்ற தாமதமின்றி, எப்படியும் 6 மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். வழிப்போக்கரின் பையைச் சோதிக்கவோ, அடையாள அட்டை கேட்டு நிறுத்தி வைக்கவோ, லத்தி வீசவோ எந்தச் சட்டமும் அவருக்கு அனுமதி தரவில்லை.

அரசுக்கு ஒரு வேண்டுகோள்: மக்கள் ரோந்து வேண்டுமென்றால் 1963-ஐப் போல ஒரு சட்டம் கொண்டுவாருங்கள். பெயர்ப் பதிவேடு, எழுத்து மூலமான பணி ஆணை, புகார் கேட்கக் காவல் நிலையத்துக்கு வெளியே ஓர் அதிகாரி, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு ஆகியவை அதில் இருக்கட்டும். அப்படிப்பட்ட சட்டம் வரும்வரை, எழுத்தில் ஆணை இல்லாத ரோந்துக்கு எந்த இளைஞரும் போக வேண்டாம்.