மொழி கற்றவர் மேற்கொண்ட பயணம்

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், சபாக் பெர்ணம் மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் சுங்கை ஆயர் தாவார். நன்னீராறு என்பது அப்பெயரின் பொருள். இவ்வட்டாரத் தமிழ் மாணவன், தமிழ் வகுப்பில் மேசை என்றும் மலாய் வகுப்பில் 'மேஜா' என்றும் சொல்லுகிறான். தமிழில் சன்னல் என்பது மலாயில் 'ஜெண்டேலா'. தமிழில் அலமாரி என்பது மலாயில் 'அல்மாரி'. இச்சொற்கள் எங்கிருந்து வந்தன? கடல் கடந்து வந்த போர்த்துகீசியர் இரு மொழிகளிலும் விட்டுச் சென்றவை இவை. போர்த்துகீசியத்திற்கு உடன்பிறந்த மொழி இசுப்பானியம். ஆதலால் இசுப்பானியரும் மேசையை 'மேசா' என்றே வழங்குவர்.

இக்காலத்தில் கிறித்துமசு விடுமுறை வந்ததும் தோளில் பையைச் சுமந்து அயல்நாடு செல்லும் இளைஞர் பலர். சென்ற நாட்டின் மொழியைச் சிறிதேனும் கற்றுத் திரும்புவோர் சிலரே. மொழியறியாது செல்பவன் காட்சிகளைக் காண்கிறான். மொழியறிந்து செல்பவன் மக்களையும் அவர்தம் நூலகங்களையும் காண்கிறான். இவ்வுண்மைக்குத் தமிழுலகில் தலைசிறந்த சான்று தனிநாயகம் அடிகளாரின் வாழ்வு.

1913ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த அடிகளார், 1934 முதல் 1939 வரை உரோமை நகரில் பயின்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, போர்த்துகீசியம், இசுப்பானியம் முதலிய மொழிகள் அவருக்கு வசமாயின. ஆயினும் தாய்மொழி இலக்கியத்தை அவர் முறையாகக் கற்றது அதன் பின்னரே. திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில் பண்டிதர் ஒருவரிடம் தமிழ் பயின்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று பட்டங்கள் பெற்றார். முப்பது வயதை நெருங்கிய பின்னும் மாணவராக அமர அவர் நாணவில்லை. ஆசிரியர்க்கு இது நல்ல பாடம்.

பின்னர் அவர் சப்பான், அமெரிக்கா, இசுப்பானிய மொழி வழங்கும் தென்னமெரிக்க நாடுகள் எனப் பல இடங்களுக்கும் சென்று தமிழின் சிறப்பை எடுத்துரைத்தார். அவர் கற்ற மொழிகள் தமிழுக்கு ஈட்டித் தந்த பெரும்பயனை லிசுபன் நகரில் காணலாம். 1554ஆம் ஆண்டு அந்நகரில் அச்சான தமிழ்-போர்த்துகீசியச் சமயக் கையேடு ஒன்றை 1954இல் அவர் தமிழறிஞர் கவனத்திற்குக் கொண்டு வந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து லிசுபன் சென்ற தமிழர் மூவர் அதனை உருவாக்குவதில் துணைநின்றனர். அதிலுள்ள தமிழ் உரோமன் எழுத்துகளில் அச்சிடப்பட்டது. தமிழ் எழுத்துகளிலேயே கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது 1578இல். அதற்கு 24 ஆண்டுகள் முற்பட்டது இந்நூல்.

இங்கு ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். போர்த்துகீசியம் மட்டும் அறிந்தவர்க்கு அந்நூலின் தமிழ் புரியாது. தமிழ் மட்டும் அறிந்தவரோ அந்நூலகத்தின் வாயிலையே மிதித்திருக்கமாட்டார். இரண்டும் அறிந்த ஒருவர் வரும்வரை தமிழர் சொத்து நானூறு ஆண்டுகள் தமிழர் அறியாமலே கிடந்தது.

1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியின் படி ஒன்று வாத்திகன் நூலகத்தில் இருந்தது. அதன் நிழற்படிவம் அடிகளார் முயற்சியால் 1966இல் கோலாலம்பூரில் வெளிவந்தது. 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பணியாற்றிய அவர், 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. பல நாட்டு அறிஞரும் அதில் கூடினர். 'ஒன்றே உலகம்' என்னும் பயண நூலையும் அவர் எழுதினார். 1980ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளைத் தோட்டப்புற மாணவன் சுமையாகக் கருதுவதுண்டு. பிறமொழி கற்றால் தமிழ் தேயும் என அஞ்சும் பெற்றோரும் உளர். அடிகளார் வாழ்வு இரு கருத்துகளையும் மறுக்கிறது. அவர் கற்ற ஒவ்வொரு மொழியும் தமிழுக்கு ஒரு கதவைத் திறந்தது. விடுமுறையில் ஒரு புதிய மொழியின் நூறு சொற்களைக் கற்கும் மாணவன், தன் மேசையும் சன்னலும் வந்த வழியையேனும் அறிவான். தமிழை மறவாது அவ்வழியே நடப்பானாயின், இன்னும் எங்கோ ஒரு நூலகத்தில் காத்துக் கிடக்கும் தமிழ் ஏடு அவன் கைக்கு எட்டுதலும் கூடும்.