277 பேர் போனார்கள், 14 பேர் திரும்பவில்லை



மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று குழுவினர் கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதை எப்படியும் நாலு பேர் எழுதிவிடுவார்கள். நான் ஒரு கல்வெட்டைப் பற்றி எழுதுகிறேன். "சிவில் எஞ்சினியருக்கு சரித்திரம் எதுக்குப்பா?" என்று கேட்காதீர்கள். கல்லைப் பார்த்தால் நின்று பார்ப்பது நம் தொழில் புத்தி.

ஒரு வேலையாக வேலூரில் சில மாதங்கள் இருந்தேன். லாங் பஜாரில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. சுற்றிலும் காய்கறிக் கடைகள், மூட்டை தூக்குபவர்கள், ஒரே சத்தம். அந்தக் கூண்டில் ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கல்வெட்டு. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்பதுதான் செய்தி. அவ்வளவுதான். ஒரு பெயர்கூட இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய இருபது பேருக்கு ஒருவர். ஆனால் ஆள் திரும்பாத வீட்டுக்கு இந்தச் சராசரி எந்த ஆறுதலும் தராது. இதே மாதிரி வாசகத்தோடு, ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும் மட்டும் மாற்றி, நம் நாட்டில் பல ஊர்களில் கல் நட்டார்கள்.

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். திரும்பாதவர்கள் சுமார் 74,000 பேர். பாடப் புத்தகத்தில் நாம் படித்ததெல்லாம் சென்னையில் எம்டன் கப்பல் குண்டு போட்ட கதைதான். 1914 செப்டம்பர் 22 என்று தேதியைக்கூட மனப்பாடம் செய்தோம். அதே ஆண்டு நவம்பரில், பாளையங்கோட்டையின் பெயரையே தாங்கிய 63ஆவது காலாட்படை, இன்றைய தான்சானியாவில் உள்ள டாங்கா துறைமுகத்தில் இறங்கி, ஜெர்மன் படையிடம் தோற்றுக் கப்பல் ஏறியது. அதை யாரும் நமக்குச் சொல்லவில்லை. மெசபடோமியா என்ற இன்றைய இராக்கில் பாலமும் பாதையும் போட்டவர்களில் நம் மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் உண்டு. ஒருவகையில் நம் தொழிலுக்கு முன்னோர்!

பெயர் இல்லாதது வேலூரில் மட்டும் நடந்த தவறில்லை. மெசபடோமியாவில் இறந்து, கல்லறை தெரியாதவர்களுக்காக 1929ல் பஸ்ராவில் நினைவுச்சின்னம் திறந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்களும், அதிகாரிகளின் பெயர்களும் அதில் செதுக்கப்பட்டன. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கு மட்டும், இன்ன படைப்பிரிவில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை. அப்படிப் பெயரில்லாமல் போனவர்கள் 30,000 பேருக்கும் மேல். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டு, இந்தியர்களையும் ஆப்பிரிக்கர்களையும் சமமாக நடத்தவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் கழித்து!

இதெல்லாம் எனக்கு ஏன் உறைத்தது என்றால், எங்கள் வீட்டுக்கு ஒரு பட்டப் பெயர் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் போய்க் கேட்டால் "பட்டாளத்தார் வீடா?" என்பார்கள். எங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போனவர் யாரும் இல்லை. ஆனால் ஆடி அமாவாசைக்கு ஆச்சி எப்போதும் ஓர் இலை கூடுதலாகப் போடுவார். "அது யாருக்கு ஆச்சி?" என்றால், "உங்க பூட்டனுக்கு அண்ணன். சண்டைக்குப் போனவரு, வரல" என்பார். பேர் கேட்டேன். ஆச்சிக்குத் தெரியவில்லை. அவருக்குச் சொன்னவர்களும் "பெரியவர்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். வேலூர்க் கல்லைக் குறை சொல்கிறேன், எங்கள் வீட்டு இலையிலும் பெயர் இல்லையே!

ஆச்சி இப்போது இல்லை. கேட்க வேண்டிய காலத்தில் நான் கேட்கவில்லை. அதனால்தான் இங்கே படிக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சுற்றுப்பட்டுக் கிராமங்களில் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் மெடல், பென்ஷன் காகிதம் இருந்தால், அதில் படைப்பிரிவும் நம்பரும் இருக்கும். மெடலைத் திருப்பி ஓரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே பெயர் வெட்டியிருக்கும். அந்த ஆணையத்தின் பதிவேட்டை இப்போது கணினியிலேயே தேடலாம். ஒன்றை மறக்காதீர்கள்: விருதுநகர் மாவட்டம் என்று தேடினால் கிடைக்காது. நம் பகுதி 1910ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து ராம்நாடு ஜில்லாவில் சேர்ந்தது. 1985 வரை அப்படித்தான். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்களும் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். நாலு விதமாக அடித்துப் பாருங்கள்.

என் பெரியவரை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

வகுப்பில் நம்மை ரோல் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இன்று சந்திக்கும்போது யாருக்காவது யார் நம்பராவது ஞாபகம் இருக்கிறதா? பெயர்தான் இருக்கிறது. பெயரைச் சொல்லித்தான் கட்டிப்பிடித்துக்கொள்கிறோம். போனவர்களுக்கும் அந்த மரியாதையைச் செய்வோம். ஒரு பெயர் கிடைத்தாலும் சங்கத்துக்கு எழுதுங்கள். அடுத்த மலரில் ஒரு பக்கம் அதற்காக ஒதுக்கும்படி குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.