காலணிக்கு ஓர் அருங்காட்சியகம். தோட்டத்துச் சப்பாத்துக்கு ஒரு பெட்டி

செமோர் - பால்மரம் வெட்டியவர்களின் வீட்டுப் பின்வாசலில் ஒரு ஜோடி கறுப்பு ரப்பர் சப்பாத்து கிடக்கும். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயரும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அதுதான். வெட்டுக் கத்தியை, வாளியை, தலைவிளக்கை நினைவுக்காக எடுத்து வைப்பவர்கள்கூடச் சப்பாத்தை எடுத்து வைப்பதில்லை.

இப்படித் தூக்கி எறியப்படும் பொருளுக்காகவே உலகில் தனி அருங்காட்சியகங்கள் உண்டு. அவற்றில் பெரியது கனடாவின் டொரோண்டோ நகரில் உள்ள பாட்டா காலணி அருங்காட்சியகம். தமிழர்கள் பெருமளவில் வாழும் நகரம் அது. உறவினரைப் பார்க்கப் போகும் மலேசியத் தமிழர்கள் ஒரு பகலை ஒதுக்கிப் பார்த்துவர ஏற்ற இடம்.

பெட்டி வடிவில் ஒரு கட்டடம்

பாட்டா நிறுவனம் 1894இல் இன்றைய செக் குடியரசின் ஸ்லின் நகரில் தொடங்கப்பட்டது. அந்தக் குடும்பத்தின் மருமகளான சோன்யா பாட்டா 1940களிலிருந்து உலகம் சுற்றிக் காலணிகளைச் சேர்த்தார். தொழிற்சாலைச் செருப்பு வந்ததும் ஊருக்கு ஊர் இருந்த கைவேலைச் செருப்பு மறைந்துபோவதை அவர் நேரில் கண்டார். சேர்த்தவை வீட்டில் அடங்காமல் போகவே 1979இல் ஓர் அறநிறுவனம் அமைத்தார். 1995 மே 6ஆம் நாள் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சோன்யா 2018இல் காலமானார்.

கட்டடத்தை வடிவமைத்தவர் கனடியக் கட்டடக் கலைஞர் ரேமண்ட் மோரியாமா. மூடி சற்றே திறந்த சப்பாத்துப் பெட்டி போன்ற தோற்றம். புளோர் வீதியில், டொரோண்டோ பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிறது. செயின்ட் ஜார்ஜ் நிலத்தடி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

உள்ளே என்ன பார்க்கலாம்?

சேகரிப்பில் உள்ள பொருள்கள் ஏறக்குறைய 15,000. அவை 4,500 ஆண்டு வரலாற்றைச் சேர்ந்தவை. ஒரே நேரத்தில் சிறு பகுதிதான் காட்சிக்கு வைக்கப்படும். மற்றவை இருட்டான, குளிரூட்டிய அறைகளில் ஓய்வெடுக்கும்.

விக்டோரியா அரசியாரின் நடனச் செருப்பு, எல்விஸ் பிரெஸ்லியின் நீலச் சப்பாத்து போன்றவை கூட்டத்தை இழுக்கும். ஆனால் நின்று பார்க்க வேண்டியவை பெயர் தெரியாதவர்களின் காலணிகள். பிரான்ஸ் நாட்டில் செஸ்நட் கொட்டைகளின் ஓட்டை மிதித்து உடைப்பதற்காக அடியில் நீண்ட இரும்பு முட்கள் பொருத்திய மரச் சப்பாத்து அங்கே உண்டு. பாதம் கட்டப்பட்ட சீனப் பெண்கள் அணிந்த, உள்ளங்கைக்குள் அடங்கும் பட்டுச் செருப்பும் உண்டு. முதலாவது ஒரு தொழிலைச் சொல்கிறது. இரண்டாவது ஒரு வலியைச் சொல்கிறது.

இந்தியாவின் பாதுகைகளும் அங்கே உள்ளன. ஹைதராபாத் நிஜாம் சிக்கந்தர் ஜாவுக்கு உரியதாகக் கருதப்படும் மாணிக்கக் கல் பதித்த செருப்பு 2006 ஜனவரியில் அங்கிருந்து திருடுபோய்ப் பின்னர் மீட்கப்பட்டது.

நமக்கு அருகில் பிலிப்பைன்ஸின் மரிக்கினா நகரில் இன்னொரு காலணி அருங்காட்சியகம் 2001இல் திறக்கப்பட்டது. இமெல்டா மார்க்கோஸின் சுமார் 800 ஜோடி சப்பாத்துகள் அங்கே உள்ளன. மணிலா தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த அவருடைய வேறு சப்பாத்துகளும் ஆடைகளும் கரையானாலும் பூஞ்சையாலும் மழைநீராலும் கெட்டுப்போன செய்தி 2012இல் வெளியானது. நம்மைப் போன்ற வெப்ப நாட்டுக்கு அது ஒரு பாடம்.

தமிழரின் காலில்

காலணிக்குத் தமிழில் பெயர்கள் பல. சங்க இலக்கியம் வழங்கும் சொற்களில் ஒன்று ‘தொடுதோல்’. காலில் தொட்ட, அதாவது அணிந்த, தோல் என்பது பொருள். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயரின் கால், தொடுதோல் அணிந்து தழும்பேறிய கால். பிற்காலத்தில் மிதியடி, பாதரட்சை, பாதுகை ஆகிய சொற்களும் வழங்கின. மலேசியத் தமிழர் நாவில் புழங்கும் ‘சப்பாத்து’ போர்த்துகீசிய மொழியின் ‘சப்பாத்து’விலிருந்து வந்தது. மலாயில் அதுவே ‘செப்பாத்து’ ஆனது.

இராமனின் பாதுகையைப் பரதன் அரியணையில் வைத்தான். வேதாந்த தேசிகர் பாதுகையைப் போற்றி வடமொழியில் 1008 செய்யுள் பாடினார். கண்ணப்ப நாயனாரோ செருப்புக் காலோடு இறைவனை நெருங்கியவர்.

இத்தனை மதிப்புக்கு நேர் எதிரான ஒரு வரலாறும் உண்டு. தமிழகத்தில் பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மற்றவர் தெருவில் செருப்பணிந்து நடக்கக் கூடாது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். தோலைப் பதனிட்டுச் செருப்புத் தைத்தவர்களே அதைப் போட்டு நடக்க முடியாத நிலை இருந்தது. மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் பலர் அத்தகைய ஊர்களிலிருந்து வந்தவர்கள்.

ரப்பரிலிருந்து சப்பாத்து

காலணி வரலாற்றில் பேராக்கிற்கு ஒரு தனி இடம் உண்டு. செமோரிலிருந்து சுங்கை சிப்புட் வழியாகப் போனால் வரும் கோலகங்சாரில்தான், 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் மாவட்ட அலுவலகம் அருகே நிற்கிறது.

அதற்கு முன்பே, 1820களில், பிரேசில் மக்கள் ரப்பர் பாலில் வார்த்த சப்பாத்துகள் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறின. வெயிலில் அவை பிசுபிசுத்தன. பனியில் விறைத்து வெடித்தன. 1839இல் சார்ல்ஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றும் முறையைக் கண்டறிந்த பிறகே ரப்பர் உறுதியானது. மழைச் சப்பாத்து, துணிச் சப்பாத்தின் அடிப்பாகம் எல்லாம் பிறகு ஆலைகளில் குவிந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உலகுக்கு ரப்பர் வழங்கிய முதன்மை நாடாக மலாயா இருந்தது.

வெறுங்காலின் விலை

உலகின் காலுக்கு ரப்பர் கொடுத்த தொழிலாளி வெறுங்காலில் நடந்தார். விடிவதற்கு முன்பே பிரட்டுக்குப் போய், பனி நனைந்த புல்லில் இறங்கி மரம் மரமாக நடக்க வேண்டும். அட்டை, முள், பாம்பு எல்லாவற்றுக்கும் முதல் இலக்கு கால்தான்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி கொக்கிப்புழு. மலம் கலந்த ஈர மண்ணில் வளரும் அதன் இளம்புழு, பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் போய்க் குடலில் தங்கி இரத்தம் குடிக்கும். சோகை பிடித்த தொழிலாளி சோர்ந்து நடந்தால் ‘சோம்பேறி’ என்று பெயர் கிடைத்தது. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிறுவனத்தின் மருத்துவக் குழு ஒன்று மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் இந்த நோயையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. கழிவறையும் காலணியும் இருந்தாலே பெருமளவு தடுக்கக்கூடிய நோய் அது.

மரியாதையும் இதில் கலந்திருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், துரையும் அதிகாரிகளும் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்குவதும் ஒன்று. தொழிலாளி எப்படி நடக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தோட்டம் தீர்மானித்த காலம் அது.

கறுப்புச் சப்பாத்து

பின்னாளில் காலுக்கு வந்து சேர்ந்தது, ஒரே அச்சில் வார்த்த மலிவான கறுப்பு ரப்பர் சப்பாத்து. ‘அடிடாஸ் கம்போங்’ என்பது அதற்கு மக்கள் வைத்த கேலிப் பெயர். புகழ்பெற்ற அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அடியில் உள்ள சிறு குமிழ்கள் சேற்றிலும் வழுக்காமல் பிடிக்கும். தண்ணீரை உறிஞ்சாது, கழுவிக் கவிழ்த்தால் காலையில் காய்ந்திருக்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் குலை வெட்டுவோர் காலில் அது தொடர்ந்தது. இன்று மலையேறிகளும் காட்டோட்டக்காரர்களும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

வீட்டுக்கு ஜப்பான் சிலிப்பர், பள்ளிக்கு வெள்ளைச் சப்பாத்து. ஞாயிறு மாலையில் துவைத்து, வெள்ளை பூசிக் காயவைத்த அந்தச் சப்பாத்துக்கும் இப்போது விடை கொடுத்தாயிற்று. 2021க்குள் பள்ளிகளில் கறுப்பு அதன் இடத்தைப் பிடித்தது.

வீட்டில் பாதுகாப்பது எப்படி?

ஈயச் சுரங்கத் தொழிலுக்குக் கம்பாரில் அருங்காட்சியகம் உண்டு. நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம் 1883இல் தொடங்கிய தைப்பிங் பேராக் அருங்காட்சியகம். ஆனால் எந்த அருங்காட்சியகமும் குடும்பங்கள் காப்பாற்றி வைத்த பொருளிலிருந்துதான் தொடங்குகிறது. செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை:

1. கழுவ வேண்டாம். மேலே உறைந்த பால்கறையும் அடியில் ஒட்டிய மண்ணும்தான் அது யாருடைய சப்பாத்து என்பதற்குச் சாட்சி. மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டினால் போதும். எண்ணெயோ பாலிஷோ பூசக் கூடாது.

2. ரப்பருக்கு வெயிலும் சூடும் பகை. ஜன்னல் ஓரம், கூரைக்கு அடியில் உள்ள பரண், கார் கொட்டகை வேண்டாம். வீட்டின் உள்ளறையில், தரையில் படாமல், அட்டைப் பெட்டியில் வைக்கலாம்.

3. பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டினால் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வடிவம் குலையாமல் இருக்க வெள்ளைத் தாளைச் சுருட்டி உள்ளே வைக்க வேண்டும். மை ஒட்டும் செய்தித்தாள் ஆகாது.

4. வெள்ளி நகை, வெள்ளிப் பாத்திரங்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும்.

5. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து, கரையான், பூஞ்சை, ஒட்டும் தன்மை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

6. பெட்டிக்குள் ஒரு தாள் வேண்டும். அணிந்தவர் பெயர், தோட்டம், எந்த வேலை, எந்த ஆண்டுகள், எந்தக் கடையில் என்ன விலைக்கு வாங்கியது என்பவற்றை எழுதி வைக்கலாம். அணிந்தவர் உயிரோடு இருந்தால் அவர் குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்வது இன்னும் நல்லது.

அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க விரும்புவோர் முன்கூட்டியே தொடர்புகொண்டு, பொருளின் விவரத்தையும் ஒப்படைப்பையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது முறை.

ஆறாவது குறிப்புதான் மிக முக்கியம். அந்தத் தாள் இல்லாவிட்டால் பெட்டியில் இருப்பது வெறும் பழைய ரப்பர். அந்தத் தாளோடு இருந்தால், விடியுமுன் எழுந்து அதில் கால் நுழைத்து, பிள்ளைகளின் பள்ளிச் சப்பாத்துக்குக் காசு சேர்த்த ஓர் அம்மாவின் கதை. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் செமோரில் இருக்கிறார்கள். கேட்டு எழுதிக்கொள்வது பேரப்பிள்ளைகளின் வேலை.