முழங்கால் விலகலும் தசைநார்ச் சேதமும்: பரீட்சை முறைகளின் வளர்ச்சி

முழங்கால் மூட்டின் வைத்திய சரித்திரத்தை எழுதப் புகுந்தோர், அறுந்த தசைநாரை முதலில் தைத்தவர் யார், அதற்கு மாற்றாகப் பிறிதொரு நாரைப் பொருத்தியவர் யார் என்னும் வினாக்களையே பின்பற்றிச் செல்வது வழக்கமாகிவிட்டது. மூட்டு முழுதும் விலகிப்போன காயங்களை ஆராயும்போது, இத்துறையின் மெய்யான முன்னேற்றம் சஸ்திர சிகிச்சையைவிட நோயாளியைப் பரீட்சிக்கும் முறையிலேயே அதிகம் நிகழ்ந்தது என்று கருத இடமிருக்கிறது.

மூட்டினுள்ளே ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இரு தசைநார்களைப் பண்டைய கிரேக்க வைத்தியரான காலென் அறிந்திருந்தாரெனினும், அவற்றின் தொழில் இன்னதென்பது 1836இல், ஜெர்மனியைச் சேர்ந்த வெபர் சகோதரர்கள் அவற்றை அறுத்து, முன்கால் எலும்பு தொடை எலும்பின்கீழ் அளவுமீறி முன்னும் பின்னும் நகர்வதைக் கண்ட பின்னரே தெளிவாயிற்று. 1845இல் லியோன் நகரத்து அமெடே போனே, நார் அறுகையில் எழும் ஓசையையும் மூட்டினுள் இரத்தம் தேங்குவதையும் விவரித்தார்; 1875இல் ஜார்ஜ் நூலிஸ் என்பார், முழங்காலைச் சிறிதளவே மடக்கி, ஒரு கையால் தொடையை நிலைநிறுத்தி, மறுகையால் முன்காலை அசைத்துப் பார்க்கும் பரீட்சையைத் தமது பாரிஸ் ஆய்வேட்டில் எழுதி வைத்தார். இத்துணை எளிய முறை அறியப்பட்டிருந்தும், காலை நேர்கோணமாக மடக்கி இழுத்துப் பார்க்கும் பரீட்சையே நெடுங்காலம் செல்வாக்குற்றிருந்தது விசித்திரமே. அந்நிலையில் தொடையின் பின்தசைகள் இறுகி முன்காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதால், அறுந்த நாரும் அறாதது போலத் தோன்றக்கூடும். பிலடெல்பியாவின் ஜான் லாக்மன் கற்பித்து வந்த முறையை, அவரிடம் பயின்ற டோர்க் என்பார் 1976இல் பிரசுரித்த பின்னரே, சிறிது மடக்கிய காலின் பரீட்சை எங்கும் பரவிற்று.

சிகிச்சையின் பக்கத்தில், 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன், சுரங்கத் தொழிலாளி ஒருவருடைய இரு குறுக்குத் தசைநார்களையும் கேட்கட் நூலால் தைக்க, அவர் பல்லாண்டு கழித்தும் நொண்டாமல் நடந்தார். 1917இல் ஹே குரோவ்ஸ், எலும்புகளில் துளையிட்டுத் தொடையின் வெளிப்புற நாண்பட்டையின் கீற்றொன்றை அவற்றின் வழியே செலுத்தி, புதிய தசைநாரையே சமைத்தார். இவை பாராட்டத்தக்க சாதனைகளே. எனினும், மூட்டு முற்றிலும் விலகியவனுக்கு முதல் ஆபத்து தசைநாரில் இல்லை.

முழங்காலின் பின்குழியில் ஓடும் தமனி, மேலே தொடைத்தசையின் துவாரத்திலும் கீழே கெண்டைத்தசையின் வளைவிலும் பிணிக்கப்பட்டிருப்பதால், எலும்புகள் விலகும்போது உடன் நகர வழியின்றி நீட்சியுற்றுக் கிழிகிறது. அதனைச் சூழ்ந்த கிளைக் குழாய்களோ, அது அடைபட்டபின் காலைப் போஷிக்கப் போதிய வலிமையற்றவை. இரண்டாம் மகாயுத்தத்தில் காயமுற்ற அமெரிக்கப் போர்வீரரைப் பற்றி டிபேக்கியும் சிமியோனும் 1946இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இத்தமனி சேதமுற்றவர்களில் 72.5 சதவீதத்தினர் காலை இழந்ததாகக் காட்டியது. கிழிந்த தமனியைக் கட்டி நிறுத்திவிடாமல் செப்பனிடும் வழக்கம் கொரியா யுத்தத்தில் வேரூன்றிய பின், அவ்விகிதம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. யுத்தகளத்தில் கற்ற இப்பாடம் எலும்பு வைத்தியரிடம் வந்து சேரத் தாமதமாயிற்று. 1963இல் கனடாவின் கென்னடி, முன்கால் எலும்பு விலகிச் செல்லும் திசையைக் கொண்டு இக்காயங்களை வகுத்தார். 1977இல் கிரீன், ஆலன் என்னும் இருவர் 245 முழங்கால்களின் விருத்தாந்தங்களைத் தொகுத்து, 32 சதவீதத்தில் தமனி சேதமுற்றிருந்ததையும், எட்டு மணி நேரத்துக்குள் இரத்த ஓட்டம் மீளாத கால்களில் 86 சதவீதம் வெட்டி எடுக்கப்பட்டதையும் நிரூபித்தனர். இப்புள்ளிவிவரங்களைப் படித்த பிறகு, தசைநாரைத் தைப்பதா வேண்டாவா என்று வாதிட்டுக் கொண்டிருந்த பழைய கட்டுரைகள் சற்றே வேடிக்கையாகத் தோன்றுகின்றன.

விலகிய மூட்டு, நோயாளி வைத்தியசாலையை அடையுமுன் தானாகவே பொருந்திவிடுவதுண்டு. அப்போது எக்ஸ்ரே படத்தில் குற்றமேதும் புலப்படாமற் போகலாம். ஆதலின், 1994இல் ஷென்க் என்பார் திசையை விடுத்து, எந்தெந்தத் தசைநார்கள் அறுந்தன என்பதைக் கொண்டு வகைப்படுத்தியது பெரிதும் பயன்பட்டது. பல தசைநார்கள் ஒருங்கே அறுந்த முழங்காலை, விலகி மீண்ட முழங்காலாகவே கருதும் எச்சரிக்கையும் அதனோடு வழக்கில் வந்தது.

அவ்வாறு ஐயுறப்பட்ட எல்லாக் கால்களிலும் மருந்தைச் செலுத்தித் தமனியைப் படம்பிடிப்பது ஒரு காலத்தில் விதியாயிருந்தது. கணுக்காலின் இரத்த அழுத்தத்தைப் புயத்தின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் எளிய கணக்கை 38 நோயாளிகளிடம் மில்ஸும் அவருடைய சகாக்களும் பரீட்சித்து 2004இல் வெளியிட்டனர்: ஈவு 0.9க்குக் குறைந்திருந்த 11 பேருக்கும் தமனிச் சேதம் இருந்தது. ஏனைய 27 பேரில் ஒருவருக்கும் இல்லை. எனினும் தமனியின் உட்படலம் மட்டும் கிழிந்த இடத்தில் இரத்தம் பின்னர் உறைந்து அடைப்பு உண்டாகக் கூடுமாதலின், ஈவு நன்றாயிருந்தவர்களையும் வைத்தியசாலையிலேயே நிறுத்தி, நாடியை மீண்டும் மீண்டும் தொட்டுப் பார்ப்பது வழக்கமாயிற்று. தசைநார்களைப் புதுப்பிப்பது அதற்குப் பின்னர்தான்.