தோற்றமும் உண்மையும்: சமயம் குறித்த மேலைச் சிந்தனையில் ஹியூம் பிரித்த இரு வினாக்கள்

முன்னுரை

டேவிட் ஹியூம் 1757ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சமயத்தின் இயற்கை வரலாறு’ இரண்டு வினாக்களைப் பிரித்துவைத்துத் தொடங்குகிறது. சமய நம்பிக்கைக்கு அறிவின் வழியில் அடிப்படை உண்டா என்பது ஒன்று. அந்நம்பிக்கை மனித இயல்பின் எந்தக் கூற்றிலிருந்து பிறந்தது என்பது மற்றொன்று. முதலாவது கடவுளைப் பற்றியது, இரண்டாவது மனிதரைப் பற்றியது. ஹியூமுக்குப் பின் வந்த மேலை மெய்யியலாளர் சிலர், இரண்டாம் வினாவுக்குக் கிடைத்த விடையைக் கொண்டே முதல் வினாவையும் முடித்துவிட முயன்றனர். அம்முயற்சி தருக்கத்தில் நிற்காது. ஆயினும் தோற்ற ஆராய்ச்சி வீணன்று. இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹியூமுக்கு முன்

கடவுள் உண்டு என நிறுவும் முயற்சிக்கு மேலைநாட்டில் நீண்ட மரபு உண்டு. 11ஆம் நூற்றாண்டில் ஆன்செல்ம், கடவுள் என்னும் கருத்திலிருந்தே கடவுளின் இருப்பை வருவிக்க முயன்றார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், இயக்கம், காரணம் முதலியவற்றிலிருந்து புறப்படும் ஐந்து வழிகளை வகுத்தார்.

நம்பிக்கையின் தோற்றத்தைக் கேட்கும் மரபு அதைவிடப் பழையது. மக்கள் தத்தம் சாயலிலேயே தெய்வங்களைக் கற்பிக்கிறார்கள் என்பதைக் கிரேக்கச் சிந்தனையாளர் செனோஃபனீஸ், கிறித்துவுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே சுட்டிக்காட்டினார். ஆனால், அதனால் தெய்வமே இல்லை என்று அவர் முடிக்கவில்லை. உருவிலும் எண்ணத்திலும் மனிதரை ஒவ்வாத ஒரு பேரிறையைப் பற்றியும் அவர் பேசினார். தோற்றம் பற்றிய விமரிசனமும் இருப்பு பற்றிய முடிவும் அவரிடம் ஒன்றாகிவிடவில்லை.

17ஆம் நூற்றாண்டில் செர்பரி பிரபு ஹெர்பர்ட், 1624இல் வெளியான தம் நூலில், எல்லாச் சமயங்களுக்கும் பொதுவான ஐந்து கருத்துகள் மனித மனத்தில் இயல்பாகவே பதிந்துள்ளன என்றார். இப்பார்வையில் ஒரே இறைவனை அறிவால் கண்ட தூய சமயமே ஆதியில் இருந்தது. பல தெய்வ வழிபாடு பின்னாள் சிதைவு. ஹியூம் எதிர்த்தது இதைத்தான்.

இரு நூல்கள், ஒரே வாதம்

ஆதி மனிதர் உலகின் ஒழுங்கைக் கண்டு வியந்து இறைவனைத் தேடவில்லை என்கிறார் ஹியூம். நோய், பஞ்சம், சாவு, நாளை என்ன ஆகுமோ என்ற கவலை ஆகியவையே அவர்களைக் கண்ணுக்குத் தெரியாத சக்திகளை நோக்கித் தள்ளின. காரணம் தெரியாத ஒவ்வொரு நிகழ்வுக்கும் பின்னால் தம்மைப் போன்ற விருப்பு வெறுப்புள்ள ஒருவரை அவர்கள் வைத்தார்கள். எனவே பல தெய்வ வழிபாடே முந்தியது. அதில் ஒரு தெய்வத்தின் அருளைப் பெறப் போட்டியிட்டுப் புகழ்ந்தவர்கள், புகழ்ச்சியை ஏற்றிக்கொண்டே போய் அதை ஒரே எல்லையற்ற இறைவனாக்கினார்கள்.

‘சமயத்தின் இயற்கை வரலாறு’ நூலின் முன்னுரையில் ஹியூம், முதல் வினாவுக்குத் தெளிவான விடை உண்டு, இயற்கையின் அமைப்பே அறிவுள்ள ஒரு படைப்பாளியைக் காட்டுகிறது என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். இதை அப்படியே கொள்வது கடினம். அதே காலத்தில் அவர் மேசையில் ‘இயற்கைச் சமயம் குறித்த உரையாடல்கள்’ கைப்படியாக இருந்தது. அதில் கிளியாந்திஸ் இயற்கையின் ஒழுங்கிலிருந்து படைப்பாளியை நிறுவ முயல்கிறார். ஃபைலோ அவ்வாதத்தைப் படிப்படியாகத் தளர்த்துகிறார். உலகம் மனிதர் செய்த பொறியை ஒத்தது என்று எப்படித் தெரியும்? ஒத்ததே என்றாலும், அதைச் செய்தவர் ஒருவரா பலரா, நல்லவரா என்பதை அந்த ஒப்புமை சொல்லுமா? இத்தனை துன்பமுள்ள உலகிலிருந்து குறையற்ற நன்மையை ஊகிக்க முடியுமா?

ஹியூம் இந்நூலை வாழ்நாளில் அச்சிடவில்லை. எடின்பரோவில் 1697இல் தாமஸ் எய்கன்ஹெட் என்னும் மாணவர் தெய்வ நிந்தனைக்காகத் தூக்கிலிடப்பட்டிருந்தார். அதே நகரின் பல்கலைக்கழகத்தில் ஹியூமுக்குப் பேராசிரியர் பதவி கிடைக்காமல் 1745இல் சமய எதிர்ப்பு தடுத்தது. 1776இல் அவர் இறந்த பின், நெருங்கிய நண்பர் ஆடம் ஸ்மித்தும் அந்நூலை வெளியிடத் தயங்கினார். 1779இல்தான் ஹியூமின் உறவினர் அதை வெளிக்கொணர்ந்தார்.

இரு நூல்களையும் சேர்த்துப் படித்தால்தான் ஹியூமின் வாதம் முழுமை பெறுகிறது. நம்பிக்கை அச்சத்தில் பிறந்தது என்பதை ஒரு நூல் காட்டுகிறது. அதைத் தாங்கும் எனப்பட்ட சான்று போதவில்லை என்பதை மற்றொன்று காட்டுகிறது. முதல் நூல் தனியே நின்று கடவுள் மறுப்பு ஆகாது. ஹியூம் அதை அறிந்திருந்ததால்தான் இரண்டு நூல்கள் எழுதினார் என்பது என் கருத்து.

பிரிவினை மறைந்த காலம்

1781இல் காண்ட், கடவுள் இருப்புக்கான மூன்று வகை நிறுவல்களும் தோற்பவை எனக் காட்டி, நம்பிக்கைக்கு அறவாழ்வில் இடம் தேடினார். 1799இல் ஷ்லையர்மாகர் சமயத்தின் இருப்பிடம் அறிவோ அறமோ அன்று, உணர்வே என்றார். நோக்கங்கள் வேறானாலும் இருவருமே விவாதத்தைக் கடவுளிடமிருந்து மனிதர் பக்கம் திருப்பினர்.

அந்தத் திருப்பத்தின் உச்சம் ஃபாயர்பாக் 1841இல் வெளியிட்ட ‘கிறித்துவத்தின் சாரம்’. அன்பு, அறிவு, நீதி ஆகிய தம் பண்புகளையே மனிதர் எல்லையற்றவையாக்கி, தமக்கு வெளியே நிறுத்தி வணங்குகிறார்கள். ஆகவே இறையியல் என்பது மனிதரைப் பற்றிய இயலே என்றார். மனிதப் பண்புகளைக் கொண்டுதான் நம்மால் இறைவனை எண்ண முடியும் என்பதை ஒப்பலாம். அதனால் அப்பண்புகளுக்கு அப்பால் எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. செனோஃபனீஸ் எடுக்காத முடிவை ஃபாயர்பாக் எடுத்தார். அதற்குரிய கூடுதல் சான்றை அவர் தரவில்லை.

நீட்சே 1881இல் வெளியான ‘வைகறை’ நூலில் இதை வெளிப்படையாகவே கூறினார்: கடவுள் நம்பிக்கை எப்படித் தோன்றியது என்று காட்டிவிட்டால், கடவுள் இல்லை என நிறுவ வேண்டிய தேவையே இல்லை. ஃபிராய்ட் கூடுதல் கவனத்துடன் எழுதினார். 1927ஆம் ஆண்டு நூலில், விருப்பத்திலிருந்து பிறக்கும் மயக்கம் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என ஒப்புக்கொண்டார். ஆனால் நூலின் ஓட்டம் அந்த எச்சரிக்கையைத் தாண்டிச் சென்று, தந்தையின் காவலுக்கு ஏங்கும் குழந்தைப் பருவத்தை மனிதகுலம் கடந்தாக வேண்டும் என்று முடிக்கிறது.

ஜேம்ஸின் மறுப்பு

வில்லியம் ஜேம்ஸ் எடின்பரோவில் ஆற்றிய கிஃபோர்ட் சொற்பொழிவுகள் 1902இல் ‘சமய அனுபவத்தின் வகைகள்’ என நூலாயின. புனித பவுலின் தரிசனத்தை வலிப்பு நோயென்று சொல்லி ஒதுக்குவோரை அவர் அதில் மறுத்தார். ஒரு கருத்தின் பிறப்பு வேறு, அதன் மதிப்பு வேறு. உடலின் நிலை எல்லாக் கருத்துகளுக்கும் பின்னால் உள்ளது, நாத்திகரின் கருத்துக்கும்தான். இந்த மறுப்பு சரியானது. ஆனால் வேருக்குப் பதில் விளைவைப் பார்த்து மதிப்பிடுவோம் என்று அவர் சொன்னபோது வேறொரு இடைவெளி திறந்தது. வாழ்வுக்கு நல்லது செய்யும் நம்பிக்கை உண்மையாகவும் இருக்க வேண்டியதில்லை.

தோற்ற ஆராய்ச்சியால் ஆவது என்ன?

கிளி எடுத்த சீட்டைப் பார்த்து நாளை மழை வரும் என்று ஒருவர் நம்புகிறார். மழை வரலாம். கிளியைக் காட்டி மழை வராது என்று நாம் நிறுவ முடியாது. ஆனால் அவர் நம்புகிறார் என்பதை மழைக்கான சான்றாக நாம் எடுத்துக்கொள்ள மாட்டோம். தோற்ற ஆராய்ச்சியின் வலிமையும் வரம்பும் இதில் அடங்கும். அது ஒரு நம்பிக்கையைப் பொய்யாக்குவதில்லை. இத்தனை பேர் நம்புவதே போதும் என்ற வாதத்தைப் பறித்துவிடுகிறது. உலக மக்கள் அனைவரும் இறைவனை நம்புவதே இறைவனுக்குச் சான்று என்னும் பழைய வாதம் ஹியூமுக்குப் பின் நிற்பது அரிது.

இதற்கு ஆல்வின் பிளான்டிங்கா 2000ஆம் ஆண்டு நூலில் ஒரு வலுவான எதிர்வாதம் வைத்தார். கடவுள் உண்மையில் இருந்தால், தம்மை அறியும் திறனை மனிதரில் அவரே வைத்திருக்கக்கூடும். அப்போது நம்பிக்கை பிறக்கும் வழி உண்மையை நோக்கியதே. ஆகவே கடவுள் இல்லை என முன்பே கொள்ளாமல் அவ்வழியைக் குறைகூற முடியாது என்பது அவர் வாதம். நம்புவோரின் நிலையை இது காக்கிறது. நம்பாதோருக்குப் புதிய காரணம் எதையும் தரவில்லை. எதிர்த்தரப்பும் இதே தளையில் இருக்கிறது. நம்பாமைக்கும் தோற்றம் உண்டு: அதிகாரத்தின் மீதான கசப்பு, தன்னுரிமை வேட்கை, வளர்ந்த சூழல். அவற்றைக் காட்டி நாத்திகத்தை வீழ்த்திவிட முடியாது.

முடிவுரை

பிளான்டிங்காவின் வாதம் நம்மை ஹியூமின் முதல் வினாவுக்கே அனுப்புகிறது. நம்பிக்கை பிறக்கும் வழி நம்பத்தக்கதா என்பது கடவுள் உண்டா என்பதைச் சார்ந்திருந்தால், பின்னதை அதற்குரிய சான்றுகளைக் கொண்டே ஆராய வேண்டும். உளவியலும் வரலாறும் அந்த ஆராய்ச்சிக்கு மாற்றாக முடியாது. சமயத்தின் தோற்றத்தை விளக்கும் ஆய்வாளர், தம் விளக்கம் எந்த வினாவுக்கு விடை என்பதை முதலில் சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கு நம்புவோருக்கும் நம்பாதோருக்கும் ஒருங்கே பொருந்தும். அதை முறையாக வகுத்துத் தந்ததே சமய மெய்யியலுக்கு ஹியூம் செய்த மிகப் பெரிய பணி.